பனிமேல் பாய்ப்பலகை: கோளாறைக் கண்டு காரணம் தேடும் வழி

இதை வாசிப்பவர் ஏற்கெனவே, காற்றின் விசையால் பனிமேல் நின்றபடி ஓட்டும் பலகை ஒன்றைச் செய்து முடித்து, பழைய விண்ட்சர்ஃபிங் (நீரில் பாய் பொருத்திய பலகைமேல் நின்று ஓட்டும் விளையாட்டு) பாய் ஒன்றை அதன்மேல் பொருத்தி, உறைந்த ஏரியிலோ பனி மூடிய வெளியிலோ ஒருமுறையாவது இறங்கிப் பார்த்திருப்பார் என்று வைத்துக்கொள்கிறேன். பலகை பெரும்பாலும் 15 முதல் 18 மி.மீ. கனமுள்ள ப்ளைவுட்டாகவும், ஒன்றரை மீட்டருக்கு உட்பட்ட நீளமுள்ளதாகவும் இருக்கும். அதன் அடியில், ஏரிக்கு என்றால் ஸ்கேட்போர்டு டிரக்குகளில் (பலகையைச் சாய்த்தால் திரும்பும் அச்சுப் பூட்டுகள்) பூட்டிய நான்கு எஃகு பிளேடுகளும், பனிக்கு என்றால் இரண்டு அல்லது நான்கு குட்டை ஸ்கீக்களும் (பனியில் சறுக்கும் பட்டைகள்) இருக்கும். பாய் 4 முதல் 6 சதுர மீட்டர் வரை இருக்கும். குழப்பம் வராமலிருக்க, ஏரியின் நீர் உறைந்து உண்டான கெட்டியான பரப்பைப் பனிக்கட்டி என்றும், வானத்திலிருந்து விழுந்து தரையில் படிந்ததைப் பனி என்றும் இக்கட்டுரை முழுவதும் குறிப்பிடுகிறேன்.

கோளாறுகளைத் தேடும்போது நான் கடைப்பிடிக்கும் வரிசை ஒன்றுதான்: கீழிருந்து மேலே. கையில் இழுப்பது பாய் என்பதால் குறையும் பாயில்தான் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் பனியைத் தொடும் அடிப்பாகத்தில் இருக்கும் குறைதான் பெரும்பாலும் பாயின் குறைபோல நம் கைக்கு வந்து சேருகிறது. 1937-இல் டெட்ராய்ட்டில் உருவான டி.என். என்ற ஒற்றையாள் பனிக்கட்டிப் படகின் பாய் 60 சதுர அடி, அதாவது சுமார் 5.6 சதுர மீட்டர்தான். நம் கையில் இருக்கும் பாயின் அளவும் ஏறக்குறைய அதுவே. அவ்வளவு பாயை வைத்துக்கொண்டு அந்தப் படகு காற்றின் வேகத்தைப்போல் பல மடங்கு வேகத்தில் ஓடுகிறது என்றால், அதன் அடியில் உள்ள மூன்று பிளேடுகள் கூர்மையாகவும் ஒன்றுக்கொன்று இணையாகவும் இருப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஓட்டிப் பார்த்து, குறித்து வைத்துக்கொண்டு அடுத்ததற்குச் செல்ல வேண்டும். இரண்டு திருகுகளை ஒரே நேரத்தில் மாற்றியவர், எது பலன் தந்தது என்பதை அறியாமலே வீடு திரும்புவார்.

பலகைக்கு முன் பனிக்கட்டியைப் பார்க்க வேண்டும்

பலகையின் எந்தக் கோளாறும் சரிசெய்யக்கூடியது. பனிக்கட்டி உடைந்தால் சரிசெய்ய நேரம் கிடைக்காது. ஒருவர் நடந்து செல்லவே தெளிந்த, கருமையாகத் தெரியும் பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. கனம் இருக்க வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. வேகமாக ஓடி, விழுந்து, உடலெடை முழுவதும் ஓரிடத்தில் மோதும் விளையாட்டுக்கு நான் 15 செ.மீ.க்குக் குறைவாக இறங்குவதில்லை. பனி நனைந்து மீண்டும் உறைந்ததால் வெள்ளையாகத் தெரியும் பனிக்கட்டியின் வலிமை ஏறக்குறைய பாதிதான் என்பதால், அங்கே இரண்டு மடங்கு கனம் வேண்டும். ஓரிடத்தில் துளையிட்டுப் பார்த்துவிட்டு ஏரி முழுவதையும் நம்பக் கூடாது. ஓடை வந்து கலக்கும் இடம், நீர் வெளியேறும் இடம், பாலத்தின் அடி, நாணல் நிற்கும் கரை ஆகிய இடங்களில் கனம் சட்டென்று குறையும். மேலே படிந்த பனி ஒரு போர்வைபோலக் குளிரைத் தடுப்பதால், அதன் கீழே உள்ள பனிக்கட்டி வெளியே தெரியும் பகுதியைவிட மெல்லியதாக இருப்பதும் உண்டு.

நாம் போகவிருக்கும் முழு வழியையும் முதலில் நடந்து பார்க்க வேண்டும். கழுத்தில் இரண்டு கூர்முனைக் கைப்பிடிகள் கயிற்றில் தொங்க வேண்டும். நீரில் விழுந்தால் வழுக்கும் விளிம்பில் அவற்றைக் குத்தி ஊன்றித்தான் வெளியே ஏற முடியும். மிதவை உடுப்பு, தலைக்கவசம், முழங்கால், முழங்கை, இடுப்பு ஆகியவற்றுக்கு மெத்தைக் கவசம், கரையிலோ உடனோ இன்னொருவர்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்று ஓட்டுவதை விட்டுவிடுவதே சரி.

காற்று போதுமான அளவு வீசுகிறது, ஆனால் பலகை நகரவே மறுக்கிறது

எல்லோரும் முதலில் சந்திப்பது இதைத்தான். பலரும் உடனே பெரிய பாய் வாங்கப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு கொக்கித் தராசை எடுத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் பலகையின் மேல் நீங்கள் நின்றுகொள்ள, இன்னொருவர் அந்தத் தராசைப் பலகையின் முன்பக்கம் மாட்டி, கிடைமட்டமாக மெதுவாக இழுக்கட்டும். பலகை சீராக நகரும்போது தராசு காட்டும் எடைதான் உங்கள் அடிப்பாகத்தின் உராய்வு. ஆள், பலகை, பாய் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்றால், நல்ல பனிக்கட்டியில் கூரான பிளேடுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு கிலோ காட்டும். இறுகிய பனியில் மெழுகிட்ட ஸ்கீக்களுக்கு நான்கைந்து கிலோ காட்டலாம். ஈரமாக ஒட்டும் பனியில் அது பத்தைத் தாண்டும்.

இப்போது பாயின் கணக்கைப் பாருங்கள். மணிக்கு 18 கி.மீ. காற்று என்பது நொடிக்கு 5 மீட்டர். உறைநிலையில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.29 கிலோ. 5 சதுர மீட்டர் பாயில் அந்தக் காற்று நேராக மோதினால் கிடைப்பது ஏறக்குறைய 80 நியூட்டன், அதாவது தராசின் மொழியில் 8 கிலோ. உராய்வு இரண்டு கிலோவாக இருக்கும்போது இந்த விசை தாராளம். நான்கைந்து கிலோ என்றால் போதுமானது. பத்து கிலோ என்றால் நீங்கள் நாள் முழுவதும் நின்ற இடத்திலேயே நிற்பீர்கள். காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பது உண்மைதான் என்றாலும், காற்றை நாம் மாற்ற முடியாது. அடிப்பாகத்தை மாற்ற முடியும்.

தராசு அதிகம் காட்டினால், அந்த அதிகம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். ஸ்கீ என்றால், பலகையைப் புரட்டி அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாகப் பனிக்கட்டித் துகள் ஒட்டியிருந்தால், பலகையைச் சூடான அறையிலிருந்தோ வண்டியிலிருந்தோ எடுத்து நேராகப் பனிமேல் வைத்துவிட்டீர்கள் என்று பொருள். அந்த வெப்பம் பனியின் மேற்பரப்பை உருக்கி, உருகிய நீர் ஸ்கீயின் அடியில் மீண்டும் உறைந்துவிடுகிறது. சுரண்டி எடுத்துவிட்டு, பலகையை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, கால் மணி நேரம் வெளிக்குளிருக்குப் பழக விட்டால் இந்தக் கோளாறு வராது.

அடிப்பக்கம் சுத்தமாக இருந்தும் இழுக்கிறதென்றால் மெழுகைப் பார்க்க வேண்டும். குளிர் மிகும்போது பனித்துகள்கள் கடினமாகவும் கூராகவும் ஆகி, மென்மையான மெழுகுக்குள் குத்தி நிற்கும். அந்த நாளுக்குக் கடினமான மெழுகு வேண்டும். உறைநிலையை ஒட்டிய நாளில் இதற்கு நேர்மாறாக, ஸ்கீக்கும் பனிக்கும் இடையே நீர் அதிகமாகி, ஈரக் கண்ணாடிகள் இரண்டு ஒட்டிக்கொள்வதைப்போல அடிப்பக்கம் பற்றிக்கொள்ளும். அப்போது மென்மையான மெழுகும், அடிப்பரப்பில் நீளவாக்கில் மெல்லிய கீறல்களும் இருந்தால் நீர் வழிந்து வெளியேற வழி கிடைக்கும். பூச்சு வண்ணம் அடித்த மரத்தையே ஸ்கீயாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அதை விட்டுவிட்டு, யாரோ கழித்துப்போட்ட பழைய ஸ்கீ ஒரு ஜோடியைத் தேடிப் பிடியுங்கள். அவற்றின் அடியில் இருக்கும் பாலிஎதிலீன் பரப்புக்கு ஈடாக வீட்டில் எதையும் பூச முடியாது.

மெழுகும் சரி, பனியும் சரி, இன்னும் இழுக்கிறது என்றால் இணைநிலையை அளந்து பாருங்கள். இடதும் வலதுமாக உள்ள ஸ்கீக்களின் முன்முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் பின்முனைகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் அளந்தால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிளேடுகளுக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே மில்லிமீட்டரில் பாதி பிழைகூடக் கணக்கில் வரும், ஏனென்றால் கூரான விளிம்பு பக்கவாட்டில் வழுக்காது. இணையாக இல்லாத இரண்டு பிளேடுகள் ஒன்றையொன்று எதிர்த்துப் பனிக்கட்டியைச் சீவிக்கொண்டே ஓடும். ஓட்டிய தடத்தைக் குனிந்து பார்த்தால் இது தெரிந்துவிடும். சரியான பிளேடின் தடம் ஒரு மெல்லிய கோடு. தவறான பிளேடின் தடத்தில் ஒரு பக்கம் வெண்மையான தூள் குவிந்திருக்கும்.

மென்மையான ஆழ்பனியில் பலகை புதைந்துவிடுவது தனிக் கதை. எடையைத் தாங்க ஸ்கீயின் பரப்பு போதவில்லை என்பதே அதற்குக் காரணம். அகலமான ஸ்கீ உதவும். ஆனால் காற்று அடித்து இறுக்கிய இடத்தையோ முன்பே மிதித்து அமுக்கிய தடத்தையோ தேடிப் போவது எளிது.

நகர்ந்து வேகமெடுத்த சில நொடிகளில் பாய் படபடத்து, பலகை நின்றுவிடுகிறது

இங்கே பலகையில் குறை எதுவும் இல்லை. தண்ணீரில் பழகிய கை பனிக்கட்டியில் செய்யும் தவறு இது. காற்று உங்களுக்குச் சரியாகப் பக்கவாட்டிலிருந்து மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் வீசுகிறது என்று கொள்வோம். நிற்கும்போது உங்கள் பாய் உணர்வது அதே 20 கி.மீ. காற்றை, அதே பக்கத்திலிருந்து. பலகை 30 கி.மீ. வேகத்தை அடைந்துவிட்டால், உங்கள் ஓட்டமே முன்னாலிருந்து 30 கி.மீ. காற்றை உண்டாக்குகிறது, இரண்டும் சேர்ந்து, பாய் உணரும் காற்று 36 கி.மீ. வேகமுள்ளதாகவும், பலகையின் முன்முனைக்கு ஏறக்குறைய 34 டிகிரி மட்டுமே விலகியதாகவும் மாறிவிடுகிறது. பலகை வேகமெடுக்க எடுக்கக் காற்று முன்னோக்கி நகர்ந்து வருகிறது. அதே இடத்தில் பிடித்திருந்த பாயின் முன்விளிம்பில் காற்று இரு பக்கமும் பிரிந்து, பாய் படபடக்கிறது.

எனவே வேகம் கூடும் ஒவ்வொரு நொடியும் பின்கையை மெதுவாக உடலை நோக்கி இழுத்துக்கொண்டே வர வேண்டும். முழு வேகத்தில், எந்தத் திசையில் ஓடினாலும், பூம் (பாயைப் பிடித்து ஓட்டும் குறுக்குக் கைக்கம்பி) ஏறக்குறைய பலகையின் நடுக்கோட்டுக்கு மேலே வந்து நிற்கும். தொடக்கத்திலேயே அப்படி இழுத்துப் பிடிப்பது இதற்கு நேரெதிரான தவறு: நிற்கும் பலகையில் பாயை முழுவதும் உடலை நோக்கி இழுத்தால் அது பக்கவாட்டில் தள்ளுமே தவிர முன்னே கொண்டுபோகாது. பூமைத் தளர்வாகப் பிடித்து, ஒரு காலால் தரையை உதைத்து மூன்று நான்கு அடி நகர்ந்து, பிறகு சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். இந்த ஓர் அசைவைக் கற்க எனக்கு ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது. யாராவது அன்றே இந்தக் கணக்கைச் சொல்லியிருந்தால் ஓரிரு நாளில் முடிந்திருக்கும் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பாய் கையைப் பிடுங்குகிறது, ஆளை முன்னே தூக்கி எறிகிறது

மைனஸ் 10 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.34 கிலோ, பிளஸ் 20 டிகிரியில் அது 1.20 கிலோ. ஆக அதே வேகக் காற்று குளிர்காலத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கூடுதல் விசையுடன் தள்ளுகிறது. மேலே சொன்னபடி ஓட்டமும் காற்றைப் பெருக்குகிறது. கோடையில் எந்தக் காற்றுக்கு எந்தப் பாய் என்று பழகினீர்களோ, பனிக்கட்டியில் அதைவிட ஒன்று அல்லது ஒன்றரை சதுர மீட்டர் சிறிய பாயோடு தொடங்குங்கள். பனியில் உராய்வு அதிகம் என்பதால் அங்கே அந்தக் குறைப்பு தேவைப்படாமல் போகலாம்.

தூக்கி எறிதல் எப்போதும் ஒரே இடத்தில், குறிப்பாகப் பனிக்கட்டியிலிருந்து ஒரு பனித்திட்டுக்குள் நுழையும்போது நடக்கிறது என்றால் காரணம் பாய் அல்ல. பலகையின் உராய்வு திடீரென்று பல மடங்காகிப் பலகை தடுமாறி நிற்க, ஆளும் பாயும் பழைய வேகத்திலேயே முன்னே போகிறார்கள். திட்டைக் காணும்போதே முழங்காலை மடக்கி எடையைப் பின்காலுக்கு மாற்றி, பூமைச் சற்றுத் தளர்த்த வேண்டும். இடுப்பு வாரின் கொக்கியைப் பூமில் மாட்டிக்கொண்டு இத்தகைய கலவையான பரப்பில் ஓட்டக் கூடாது. நீரில் தூக்கி எறியப்பட்டால் நனைவோம். இங்கே விழுவது கல்லைப்போல் கெட்டியான தரையில்.

பலகை தானாக ஒரு பக்கம் திரும்புகிறது

எந்தப் பக்கம் என்பதுதான் முழு விடையும். இடப்பக்கக் காற்றில் ஒருமுறையும் வலப்பக்கக் காற்றில் ஒருமுறையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் அது பலகையின் இடப்பக்கமே திரும்பினால், பிளேடோ ஸ்கீயோ கோணலாக இருக்கிறது, அல்லது ஒரு டிரக்கின் போல்ட் தளர்ந்திருக்கிறது. பாயைக் கழற்றிவிட்டுப் பலகையை மட்டும் மெதுவாகத் தள்ளி விட்டால் அப்போதும் அதே பக்கம் வளைந்து போவதைக் காணலாம்.

இரண்டு முறையும் காற்று வரும் பக்கமே திரும்பினால் அது சமநிலைக் கோளாறு. பாயின் இழுப்பு மையம், அடிப்பாகம் பக்கவாட்டில் தரும் எதிர்ப்பின் மையத்துக்குப் பின்னால் இருக்கிறது. பாய்மரத்தின் அடிப்பூட்டை முன்னே நகர்த்த வேண்டும். காற்று போகும் பக்கம் திரும்பினால் பின்னே நகர்த்த வேண்டும். ஒரு முறைக்கு 3 செ.மீ. போதும். பலகையில் அடிப்பூட்டுக்கு ஒரே ஒரு துளை போட்டவர்கள் இந்த இடத்தில் வருந்துவார்கள். கட்டும்போதே ஐந்தாறு துளைகளை வரிசையாகப் போட்டுவிடுவது நல்லது.

காற்று சீராக இருக்கும்போது நேராக ஓடி, வலுத்த காற்று ஒன்று வந்து அடிக்கும்போது மட்டும் காற்றை நோக்கித் திரும்புகிறது என்றால், அடிப்பூட்டைத் தொட வேண்டாம். பாயின் கீழ்முனையை இழுத்துக் கட்டும் கயிறு போதிய இறுக்கத்தில் இல்லை. காற்று வலுக்கும்போது பாயின் வயிறு, அதாவது காற்றில் புடைக்கும் பகுதி, பின்னால் நகர்ந்துவிடுகிறது. பின்கையில் பாரம் கூடுவதாலும் இது தெரியும். அந்தக் கயிற்றை இன்னும் இரண்டு செ.மீ. இழுத்துக் கட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறது

பனிக்கட்டியில் இதற்குக் காரணம் மழுங்கிய பிளேடு. அதைக் கண்டறிய நகத்தின் மேல் பிளேடின் விளிம்பை மெதுவாக வைத்து இழுங்கள். நகத்தில் மெல்லிய சீவல் வந்தால் கூர் இருக்கிறது, வழுக்கிச் சென்றால் இல்லை. பிளேடின் அடிவிளிம்பு இரண்டு சரிவுகள் சந்திக்கும் 90 டிகிரிக் கோணமாக இருப்பது நல்ல தொடக்கம். அரத்தைக் கையில் பிடித்துத் தேய்த்தால் கோணம் அங்கங்கே மாறிவிடும். V வடிவில் வெட்டிய மரக்கட்டையில் சாணைக்கல்லைப் பதித்து, அதைப் பிளேடின் நீளம் முழுவதும் ஒரே சீராக ஓட்டுவது எளிதாகவும் பிழையில்லாமலும் இருக்கும். கடுங்குளிரில் பனிக்கட்டி இறுகிவிடுவதால், நேற்று பிடித்த அதே கூர் இன்று பிடிக்காமல் போவதும் உண்டு.

கூர் சரியாக இருந்தும் பின்பக்கம் மட்டும் வழுக்குகிறதென்றால் உங்கள் எடை முன்னால் அதிகமாக இருக்கிறது. முன்பக்கம் மட்டும் வழுக்கி, திருப்பினாலும் நேராகவே போகிறதென்றால் எடை பின்னால் இருக்கிறது. பாதத்தை ஒரு சாண் நகர்த்திப் பார்ப்பதற்கு ஸ்பேனர் தேவையில்லை என்பதால் அதை முதலில் செய்யுங்கள்.

பனியில் வழுக்கினால், ஸ்கீயின் காற்று வரும் பக்க விளிம்பு பனிக்குள் அழுந்துமாறு குதிகாலை ஊன்ற வேண்டும். ஸ்கீயை அதன் நீளம் முழுவதும் பலகையோடு இறுக்கிப் பூட்டியவர்களுக்கு இது பலிக்காது, ஏனென்றால் ஸ்கீ வளைந்தால்தான் விளிம்பு முழுதும் பனியைத் தொடும். நடுப்பகுதியில் மட்டும் பூட்டி இரு முனைகளையும் விட்டுவிட வேண்டும்.

வேகம் கூடும்போது பலகை இடமும் வலமுமாக நடுங்குகிறது

இதை நான் மற்ற எல்லாக் கோளாறுகளைவிடவும் கவனமாக எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் ஒரு நொடிக்குள் நடுக்கம் பெருகி ஆளை வீசிவிடும். டிரக்கில் பூட்டிய பலகை, சாய்க்கும் பக்கம் திரும்புவதற்காக முன்டிரக் ஒரு பக்கமும் பின்டிரக் எதிர்ப்பக்கமும் திரும்பும்படி அமைந்திருக்கிறது. மெதுவாக ஓடும்போது அந்தப் பின்பக்கத் திருப்பம் வசதியானது. வேகத்தில் அதுவே நடுக்கத்தை ஊட்டி வளர்க்கிறது: பலகை சிறிது சாய, பின்பக்கம் எதிரே வீச, அதைத் தடுக்க நாம் மறுபக்கம் சாய, அது மேலும் பெரிதாக வீசுகிறது.

நடுக்கம் தொடங்கியதும் எடையை முன்காலுக்குக் கொண்டுவந்து, பாயை மெல்லத் தளர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்காலை ஊன்றினால் நடுக்கம் கூடும். கரைக்குத் திரும்பியபின் பின்டிரக்கின் நடுப்போல்ட்டை அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். அதிலும் அடங்காவிட்டால், பின்டிரக்குக்கும் பலகைக்கும் இடையே ஒரு மர ஆப்பு வைத்து, அது திரும்பும் கோணத்தைக் குறைக்கலாம், அல்லது பின்டிரக்கை அசையாமல் முழுவதும் பூட்டிவிட்டு முன்னதை மட்டும் திரும்ப விடலாம். வளைவு பெரிதாகும், ஆனால் விரிந்த ஏரியில் குறுகிய வளைவு எதற்கும் தேவைப்படுவதில்லை. என் பலகையில் பின்டிரக் இரண்டாம் ஆண்டு முதல் பூட்டியே இருக்கிறது; அதைத் திறக்க வேண்டும் என்று ஒருமுறையும் தோன்றவில்லை.

இதற்கு மாறாக, பலகை திரும்பவே மறுத்தால், டிரக்குக்குள் இருக்கும் யூரித்தேன் புஷ் (ரப்பர்போன்ற மெத்தை வளையம்) குளிரில் இறுகிவிட்டிருக்கிறது. அறைவெப்பத்தில் சரியாக இறுக்கிய போல்ட், மைனஸ் 10-இல் அதிகமாக இறுக்கியதுபோல நடந்துகொள்ளும். அளவு வைப்பதை எப்போதும் வெளியே, பலகை குளிர்ந்த பிறகே செய்ய வேண்டும். மென்மையான வகைப் புஷ் போட்டால் இன்னும் நல்லது. பிளேடின் அடிவிளிம்பு முழுவதும் நேர்கோடாக இருந்தாலும் திரும்பாது. மிக இலேசான ஒரு வளைவு, நடுவில் தொட்டு முனைகளில் ஒரு தாளின் கனம் மட்டும் விலகும் அளவுக்கு இருந்தால் போதும்.

பாய்மரத்தின் அடிப்பூட்டு ஆடுகிறது, கழன்று வருகிறது

மரத்தில் முறுக்கிய திருகாணிகளை நம்பி இந்தப் பூட்டை அமைக்கக் கூடாது. பாய் ஒவ்வொரு முறை எழும்போதும் விழும்போதும் இந்த ஓரிடத்தைத்தான் மேலே பிடுங்குகிறது. பலகையை ஊடுருவிச் செல்லும் போல்ட், அடியில் அகலமான வாஷர், நைலான் வளையம் உள்ள நட்டு: இந்த மூன்றும் இருந்தால் அதிர்வில் தளராது. துளையைச் சுற்றி ப்ளைவுட் அடுக்குகள் பிரியத் தொடங்கியிருந்தால் நீர் உள்ளே புகுந்து உறைந்து விரிந்திருக்கிறது. உலர்த்தி, எபாக்சி ஊற்றி அடைத்து, மறுபடி துளையிட வேண்டும்.

வளையும் ரப்பர் மூட்டு குளிரில் விறைத்துப்போவதால் பாயைத் தரையிலிருந்து தூக்கும்போது கம்பியை வளைப்பதுபோல் இருக்கும். அதில் குறுக்கே ஒரு முடியிழை அளவு வெடிப்புக் கண்டாலும் மாற்றிவிடுங்கள். மூட்டு அறுந்தாலும் பாய்மரமும் பலகையும் பிரிந்து ஓடாதபடி இரண்டையும் இணைக்கும் ஒரு காப்புக்கயிறு கட்டாயம் வேண்டும். ஆளில்லாத பலகை பனிக்கட்டியில் வெகுதூரம் போய், அடுத்தவர் காலில் பிளேடோடு மோதும்.

பாய் கிழிகிறது

கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் படலத்தால் ஆன பாய்கள் குளிரில் நொறுங்கும் தன்மை அடைகின்றன. கெட்டித் தரையில் ஒருமுறை விழுந்தாலே நீளமாகப் பிளக்கலாம். நெய்த டேக்ரான் துணியில் தைத்த பழைய பாய் எடை கூடியதானாலும் பனிக்கு அதுவே ஏற்றது. படலப் பாய்தான் இருக்கிறதென்றால், ஓட்டி முடித்ததும் மடிக்காமல் சுருட்டுங்கள். முடிந்தால் கொஞ்சம் வெப்பமான இடத்தில் அதைச் செய்யுங்கள். கீறலின் இரு முனைகளிலும் சிறு வட்டத் துளையிட்டு, இருபுறமும் பாய் ஒட்டுநாடாவை ஒட்டினால் அந்தப் பருவத்தை ஓட்டிவிடலாம். நாடா உறைகுளிரில் பிடிக்காது என்பதால் அந்த வேலை வீட்டுக்குள்தான்.

பலகையை நிறுத்த முடியவில்லை

பிரேக் இல்லாத வண்டியை நிறுத்தும் ஒரே நம்பகமான வழி, பெரிய வளைவாகக் காற்றை நோக்கித் திரும்பி, பாய் படபடக்கும்வரை பூமைத் தளர்த்துவது. காற்று போகும் திசையில் ஓடிக்கொண்டிருக்கும்போது பூமை விட்டுவிட்டால் பலகை நிற்காது. பாயில்லாத பலகைமேல் அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பீர்கள். எனவே நிறுத்த எவ்வளவு இடம் வேண்டும் என்பதை மெல்லிய காற்றிலேயே பலமுறை நிறுத்திப் பழக வேண்டும். கால்களில் ஆணி பதித்த செருப்படி கட்டியிருந்தால் கடைசி சில மீட்டரைக் கால் ஊன்றி முடிக்கலாம்; ஓடும் வேகத்தில் காலைத் தரையில் வைப்பது கணுக்காலை முறிக்கும்.

விரல்கள் மரத்துப்போய்ப் பூமைப் பிடிக்க முடியவில்லை

மைனஸ் 10 டிகிரியில் 30 கி.மீ. காற்று வெற்றுத் தோலில் ஏறக்குறைய மைனஸ் 20 போலவே உணரப்படும். உங்கள் ஓட்டம் அந்தக் காற்றை 50 கி.மீ. ஆக்கிவிட்டால் அது மைனஸ் 22. கனமான கையுறை போட்டால் பூமைச் சுற்றிப் பிடிக்க மிகுந்த பலம் வேண்டும், முன்கை தளர்ந்துவிடும். விரல்களுக்கு ஒரே அறையுள்ள, உள்ளங்கை மெல்லியதான கையுறையும் மெலிந்த பூமும் நல்ல சேர்க்கை. மூக்கு நுனியோ கன்னமோ வெளுத்து உணர்விழந்திருக்கிறதா என்று உடன் வந்தவர் அவ்வப்போது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்; நாமாக அதை உணர மாட்டோம்.

நேற்று நன்றாக ஓடியது, இன்று ஓடவில்லை

ஸ்பேனரை எடுக்காதீர்கள். பலகை இரவில் மாறவில்லை. மாறியது அதன் கீழே இருக்கும் பரப்பு. பகல் வெயிலில் நனைந்த பனி இரவில் உறைந்து மேலோடாகியிருக்கலாம். இரவில் விழுந்த அரை விரல் பனி பிளேடுகளுக்கு முன்னால் குவிந்து தடுக்கலாம். குளிர் மைனஸ் 20-ஐ நெருங்கினால் பனி மணலைப்போல் உரசும். என் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி இருக்கிறது: வெப்பநிலை, பனியின் நிலை, எந்த மெழுகு, எந்தப் பாய், தராசு எத்தனை கிலோ காட்டியது. இன்றைய எண்ணை நேற்றைய எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தராசு நேற்று 4 கிலோ காட்டி இன்று 9 காட்டினால், போல்ட்டுகளை அப்படியே விட்டுவிட்டு, மெழுகை மாற்றுங்கள், அல்லது மேலோடு இளகும் மதியம்வரை காத்திருங்கள்.